வீட்டு நேரம்

இது நாலு வருஷத்துக்கு முன்பு நடந்தது. பாதி இலங்கையின் கிழக்குக் கரையில், சாய்ந்தமருதில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை உள்ளே இருக்கும் எங்கள் வீட்டில் நடந்தது. மீதி தோஹாவில், எட்டுப் பேர் படுக்கும் ஓர் அறையில் நடந்தது. அப்போது என் வயிற்றில் முதல் பிள்ளை, ஏழு மாதம். என் கணவர் கல்யாணம் முடித்து மூன்று மாதம் எங்களோடு இருந்துவிட்டு, லீவு முடிந்து கத்தாருக்குத் திரும்பிப் போயிருந்தார்.

எங்கள் ஊருக்கு இது புதினமில்லை. ஒழுங்கையில் எந்த வீட்டைத் தட்டினாலும் ஓர் ஆள் வெளிநாட்டில் இருப்பார். "பழகிப் போயிரும்" என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் மற்றவர்களுக்கு அப்படிச் சொன்னவள்தான். எனக்குப் பழகவில்லை. அவர் விட்டுப்போன ஒரு ஜோடிச் செருப்பை வாசலில் இருந்து எடுக்க எனக்கு மனமே வரவில்லை. உம்மா கூட்டும்போதெல்லாம் அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டுக் கூட்டிப் பிறகு பழைய இடத்திலேயே வைப்பார். நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

இவருக்கு அங்கே ஒரு கம்பனியின் களஞ்சியத்தில் வேலை. விடியற்காலையில் போனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் முடியும், அறைக்கு வந்து சேரப் பத்தாகும். அங்கே பத்து என்றால் இங்கே நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரை. எனக்குப் பிரஷர் கொஞ்சம் கூடியிருந்ததால், நேரத்துக்குப் படுக்க வேண்டும் என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவருக்கு லீவான வெள்ளிக்கிழமை மட்டும் போன் கோல். மற்ற நாட்களில் எழுத்துத்தான்.

எழுத்து என்றால் மெசேஜ் இல்லை. என் பழைய போன் தண்ணீரில் விழுந்து எங்கள் மெசேஜ் எல்லாம் ஒரேயடியாகப் போய்விட்டன. அதற்குப் பிறகு இவர் ஓர் உபாயம் செய்தார். இவர்களுடைய களஞ்சியத்தில் எந்தச் சாமான் எங்கே, எப்படி அடுக்குவது என்பதையெல்லாம் ஒரு விக்கியில் எழுதி வைத்திருக்கிறார்களாம். யாரும் திறந்து எழுதலாம், திருத்தலாம். யார் எப்போது எழுதினார் என்பதும் அதில் தங்கும். அந்த மென்பொருளை இலவசமாக எடுத்து, எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் ஒன்று அமைத்துத் தந்தார். வீட்டுக்கு ஒரு பக்கம், கிளினிக்குக்கு ஒரு பக்கம், பிள்ளைக்கு என்று வெறுமையாக ஒரு பக்கம். "புள்ளட பக்கத்துல இப்ப ஒண்டும் எழுதாத. பொறந்த செய்திதான் முதல் வரியா இரிக்கணும்" என்றார்.

எழுதி முடித்ததும் நெளிந்த கோடு மாதிரி ஒரு குறியை நாலு தடவை போட வேண்டும். போட்டால் நம் பெயரும் நேரமும் திகதியும் தானாகவே விழும். அந்தக் குறி என் போனில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கும் தங்கச்சிக்கும் ஒரு பின்னேரம் போனது. திகதிக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் மூன்று ஆங்கில எழுத்தும் சேர்ந்து விழும். அது அந்த மென்பொருளின் பட்டப்பெயராக்கும் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

நான் எழுதுவது விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு. வீட்டில் சத்தமில்லாத நேரம் அது ஒன்றுதான். முதல் நாள் நடந்ததை எல்லாம் எழுதுவேன். பிள்ளை எந்தப் பக்கம் உதைத்தது, முன்பள்ளியில் நான் படிப்பிக்கும் சின்னதுகள் என்ன கேட்டதுகள், வாப்பா சந்தையில் ஏமாந்து வாங்கிவந்த மீன் எது, எல்லாம். இடியப்பத்துக்கு மாப்பிசைய உம்மா எழும்பும் சத்தம் கேட்டதும் நாலு குறியைப் போட்டுவிட்டுப் போனை மூடிவிடுவேன்.

மூடும் முன்பு இவர் எழுதியதை வாசிப்பேன். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. இவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. "இண்டைக்கும் வெயில். பருப்பு நான் ஆக்கினன். உன்ட பருப்பு மாதிரி வரல்ல" என்ற அளவில்தான் இருக்கும். அந்த நாலு வரியை வைத்துக்கொண்டு நான் நாள் முழுக்க ஓட்டுவேன். வாசிக்க வேறொன்றும் இல்லாததால் கீழே விழுந்திருக்கும் நேரத்தையும் வாசிக்கத் தொடங்கினேன். வினை அங்கேதான் தொடங்கியது.

ஏழு மணி. ஏழேகால். ஒரு நாள் ஏழுக்கும் முன்பு.

எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. சின்ன வயதில் ஐஸ்பழக்காரர் மிச்சக் காசு தரும்போதுகூட இரண்டு தடவை எண்ணிப் பார்ப்பேன் என்று வீட்டில் இன்னும் நக்கல் அடிப்பார்கள். இரவு ஒன்பது வரைக்கும் வேலை என்று சொல்லும் மனுசர், ஏழு மணிக்கு எப்படி ஆறுதலாக உட்கார்ந்து பருப்புக் கதை எழுதுகிறார்? அங்கே ஏழு என்றால் இங்கே ஒன்பதரை. நான் படுக்க முன்பு ஒரு கோல் எடுக்கலாமே. எடுக்கவில்லை என்றால் எடுக்க விருப்பமில்லை. இல்லாவிட்டால், ஏழில் இருந்து பத்து வரை எனக்குச் சொல்லாத ஏதோ ஒன்று அங்கே நடக்கிறது.

நேரே கேட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமைக் கோலில் சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"ஏழு மணிக்கெல்லாம் என்ன செய்யிற நீங்க?"

"ஏழு மணிக்கா? லொறி வாற நேரம் புள்ள. சாமான் இறக்கிற. ஏன்?"

"ஒண்டுமில்ல. சும்மா."

அவர் அதற்குப் பிறகு கேட்டார், "நீ நேரத்துக்குப் படுக்கிறதானே?"

"ஓம். ஒம்பதரைக்குப் படுத்தா விடியத்தான் முழிப்பு."

"அப்படியா" என்றார். அந்த "அப்படியா" கொஞ்சம் இழுபட்டது. என் கோபத்தில் அது என் காதில் விழுந்தும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து என் எழுத்துக் குறைந்தது. உதைத்த கதை, மீன் கதை எல்லாம் நின்றது. "சுகம். கிளினிக் போனேன்." அவ்வளவுதான். அவருடைய நாலு வரியும் இரண்டாகி, பிறகு ஒன்றாகியது. நான் குறைத்ததால் அவர் குறைத்தார் என்று நினைக்கவில்லை. அவர் குறைப்பதால் நான் நினைத்தது சரிதான் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமைக் கோலும் அப்படியே. "சுகமா?" "சுகம்." "உம்மாக்கள்?" "சுகம்." கடல் இரைச்சல் போனுக்குள் போய் அங்கே கேட்கும் என்று முன்பெல்லாம் முற்றத்தில் நின்று கதைப்பேன். பிறகு அறைக்குள் இருந்தே கதைத்தேன்.

உம்மா கவனித்திருக்கிறார். ஒரு நாள் மரக்கறி நறுக்கிக்கொண்டே கேட்டார், "என்ன புள்ள, மருமகனோட ஏதும் கோவமா?"

"இல்லையே."

"செருப்பத் தூக்கி உள்ளுக்கு வெச்சிருக்காய். அதுதான் கேட்ட."

நான் நறுக்கிய மரக்கறியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன். ஆசைப்பட்ட ஆள் நமக்கு இல்லாமல் போகிறார் என்று ஒரு பயம் வரும் பாருங்கள், அது வந்தால் தொண்டைக்குள் சோறு இறங்காது. பிள்ளைக்காகச் சாப்பிட்டேன். அவ்வளவு பயத்திலும் அவருடைய ஒரு வரிக்காக விடியற்காலையில் போனைத் திறக்காமல் ஒரு நாளும் இருந்ததில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேல் இன்னும் கோபம் வந்தது.

ஒரு வியாழக்கிழமை இரவு, இஷாத் தொழுகைக்குப் பிறகு வலி தொடங்கியது. திரீவீல் ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் உள்ளே, உம்மாவும் வாப்பாவும் தங்கச்சியும் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். இதற்குப் பிறகு நடந்ததில் பாதி தங்கச்சி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இவர் வேலை முடிந்து வந்து தங்கச்சிக்குக் கோல் எடுத்திருக்கிறார். அங்கே இரவு பதினொன்றரை, இங்கே வெள்ளி பிறந்து இரண்டு மணி. "இன்னும் இல்ல மச்சான். டொக்டர் நேரம் இரிக்கி எண்டார்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். இவர் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தவர், நாள் முழுக்க மூட்டை இறக்கிய களைப்பில் தூங்கிப்போனார். சுபஹு பாங்குக்குக் கொஞ்சம் முன்பு மகள் பிறந்தாள். தங்கச்சி கோல் எடுத்துப் பார்த்தாள், பதில் இல்லை. முதல் வரி பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று இவர் சொன்னது நினைவு வந்து, என் போனில் அந்த வெறும் பக்கத்தைத் திறந்து எழுதினாள்: "மச்சான், பொம்புளப் புள்ள. ராத்தாவும் புள்ளயும் சுகம். அல்ஹம்துலில்லாஹ்." நாலு குறியையும் மறக்காமல் போட்டாள்.

காலையில் இவர் கண்விழித்து அந்த வரியை வாசித்தார். அழுதாராம். பிறகு கீழே பார்த்தார். வியாழக்கிழமை, இரவு பத்து ஐம்பது.

அவர் நிலைமையில் இருந்து யோசித்துப் பாருங்கள். பத்து ஐம்பதுக்கே பிள்ளை பிறந்த செய்தியை எழுதியாகிவிட்டது. பதினொன்றரைக்கு இவர் கோல் எடுத்தபோது "இன்னும் இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். இங்கத்து நேரமென்று வைத்தாலும் அங்கத்து நேரமென்று வைத்தாலும் அது பொய்தான். தன் பிள்ளை பிறந்ததைத் தன்னிடமே மறைத்திருக்கிறார்கள். மறைக்கச் சொன்னது யார்? ஒரு மாதமாக முகம் கொடுத்துக் கதைக்காத மனைவிதான்.

தங்கச்சிக்குக் கோல் எடுத்தார். அவள் சந்தோஷமாகத் தொடங்க முன்பே இவர் கேட்டிருக்கிறார், "என்னத்துக்கு எனக்கு இல்லயெண்டு சொன்னாய்?"

"எது மச்சான்?"

"ராவு நான் எடுக்கக்குள்ள புள்ள பொறந்திட்டுத்தானே."

"அல்லாவே. பாங்குக்கு முந்தித்தான் பொறந்த. வாப்பாவும் இஞ்சதான் நிண்ட, கேளுங்க."

"பக்கத்துல வியாழன் எண்டு கிடக்கே."

என் தங்கச்சி வாய்க்காரி. விடிய விடிய வாங்கில் இருந்த அலுப்பு வேறு. "அப்ப உங்கட பக்கத்தயே கேளுங்க மச்சான். நாங்க பெத்தது வெள்ளிக்கிழமப் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

இவர் அதைத்தான் செய்தார். பக்கத்தைக் கேட்டார். ஒரு புதுப் பக்கத்தில் "சோதனை" என்று ஒரு சொல் எழுதி, நாலு குறி போட்டு, வந்து விழுந்த நேரத்தையும் கையில் இருந்த மணிக்கூட்டையும் பார்த்தார். மணிக்கூட்டில் காலை ஆறு. பக்கத்தில் மூன்று. அடைப்புக்குள் இருந்த அந்த மூன்று எழுத்தையும் அப்போதுதான் முதல் தடவையாக வாசித்திருக்கிறார். மென்பொருளைப் புதிதாக நிறுவினால் அது அந்த எழுத்துகள் குறிக்கும் உலகப் பொது நேரத்தில்தான் நிற்குமாம். எங்கே இருக்கிறோம் என்பதை நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். களஞ்சியத்து விக்கியில் யாரோ எப்போதோ அதைச் சொல்லி வைத்திருந்ததால், சொல்ல வேண்டும் என்பதே இவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது இவர் இருக்கும் நாட்டுக்கு மூன்று மணித்தியாலம் பின்னால், எங்கள் ஊருக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் விடியலில் எழுதியதெல்லாம் முதல் நாள் திகதியில் போய் விழுந்தது.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. கட்டிலில் உட்கார்ந்து நான் எழுதிய வரிகளை முதலில் இருந்து எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்தரை மணித்தியாலம் கூட்டிப் பார்த்திருக்கிறார். பதினொன்றரை என்று கிடந்ததெல்லாம் விடியல் ஐந்து மணி.

பகல் நோயாளரைப் பார்க்க விடும் நேரத்தில் தங்கச்சி போனை என் காதில் வைத்தாள். பிள்ளையைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன்.

"நீ எழுதினதெல்லாம் சுபஹுக்குப் பிறகா?"

"ஓம். வேற எப்ப எழுதுற?"

"நான் நினைச்ச, நீ ராவு பன்ரெண்டு வரைக்கும் முழிச்சிருக்காய், எனக்குத்தான் ஒம்பதரைக்குப் படுக்கிற எண்டு சொல்றாய் எண்டு. என்னோட கதைக்கப் புடிக்கல்ல எண்டுதான் நினைச்ச."

தங்கச்சியிடம் இருந்து போனை வாங்கி என் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"ஏழு மணிக்கு என்ன செய்யிற எண்டு நீ கேட்ட. இதுக்குத்தானா?"

"ஓம்."

"அது பத்து மணி புள்ள. அறைக்கு வந்து, சட்ட மாத்தாம இருந்து எழுதுற நேரம்."

பக்கத்துக் கட்டில் பிள்ளைத்தாய்ச்சி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அழுதேன். தையல் வலித்தது, அதையும் பொருட்படுத்தாமல் அழுதேன். அவரும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அந்த அறையில் மற்ற ஏழு பேரும் இருந்திருப்பார்கள், என்ன நினைத்தார்களோ தெரியாது. ஒரு மாதமாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் தேடித் தேடியே வாடியிருக்கிறோம், ஆனால் இருவரும் மற்றவரைப் பொய்க்காரர் என்று முடிவு கட்டி வைத்திருந்திருக்கிறோம்.

பிறகுதான் அவர் பிள்ளையைக் கேட்டார். காதில் பாங்கு சொல்லியாயிற்றா என்று கேட்டார். பிறந்த பிள்ளையின் வலது காதில் தகப்பன் பாங்கு சொல்வதுதான் ஆசை. காலையிலேயே என் வாப்பா சொல்லிவிட்டார் என்று சொன்னேன். "சரி. நல்லம்" என்றார். அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை. தங்கச்சியிடம் போனைப் பிள்ளையின் வலது காதுக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னேன். அவர் அங்கிருந்து மெதுவாக, எனக்குக்கூடச் சொல் பிரிந்து கேட்காத சத்தத்தில், பாங்கு சொன்னார். பிள்ளை கண்ணைத் திறக்கவில்லை. போன் வழியாகச் சொல்வதற்கு மார்க்கத்தில் இடமுண்டா என்று நான் யாரிடமும் கேட்கவுமில்லை, கேட்கப் போவதுமில்லை.

இந்தக் கதை முழுவதையும் கேட்ட உம்மா ஒரே பேச்சில் முடித்தார். "வியாழக்கிழம மஃரிபோட வெள்ளி வந்திட்டு. பத்து ஐம்பதெண்டாலும் பாங்குக்கு முந்தியெண்டாலும் புள்ள வெள்ளிக்கிழமப் புள்ளதான். மெசின என்னத்துக்கு ஏசுறீங்க?" எங்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் மறைவில். அதனால் பெயர் வைத்து முடி இறக்கும் ஏழாம் நாளை எண்ணுவதில் ஒரு குழப்பமும் வரவில்லை. குழம்பியது நாங்கள் இருவர் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்த அன்று முதல் வேலையாகச் செருப்பை எடுத்து வாசலில் வைத்தேன். அடுத்த நாள் உம்மா அதைத் தள்ளிவிட்டுக் கூட்டிப் பழைய இடத்திலேயே வைத்தார்.

அந்த வாரமே இவர் பக்கத்தைத் திருத்தினார். "எந்த நேரம் வெக்கிற? தோஹாவா, நம்மட ஊரா?" என்று கேட்டார். வீட்டு நேரம் வையுங்கள் என்றேன். ஏற்கெனவே விழுந்த திகதிகள் எழுத்தோடு எழுத்தாகப் பதிந்துவிட்டதால் தானாக மாறவில்லை. அவற்றையும் கையால் திருத்தவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மகளின் பக்கத்தில் முதல் வரிக்குக் கீழே இன்றைக்கும் வியாழக்கிழமை என்றுதான் இருக்கிறது. எப்போதாவது திறந்து பார்ப்பேன். நாங்கள் இருவரும் வெவ்வேறு நேரத்தில் இருந்தாலும், அந்தப் பழைய வரிகளில் மட்டும் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஒரே மணிக்கூடு.

இந்த நாலு வருஷத்தில் எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. யார்மேலாவது கோபம் ஏறினால், முதலில் என்னுடைய வரிக்குக் கீழே பார்க்கிறேன். அன்று நான் அவருடைய நேரத்தை மட்டும் பார்த்தேன், அவர் என்னுடையதை மட்டும் பார்த்தார். எங்களில் ஒருவர் தான் எழுதியதன் கீழே ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், பக்கத்தின் மணிக்கூடு பிழை என்று தெரிந்திருக்கும். நான் எப்போது எழுதினேன் என்பது எனக்குத் தெரியாதா என்றுதான் இரண்டு பேரும் பார்க்காமல் விட்டிருக்கிறோம்.

மகள் இப்போது முன்பள்ளிக்கு என்னோடு வருகிறாள். அவளுடைய வாப்பா இடையில் ஒரு தடவை லீவில் வந்து போனார். அடுத்த வருஷம் ஒரேயடியாக வந்துவிடுவேன் என்கிறார், போன வருஷமும் அதைத்தான் சொன்னார். இன்னும் அதே வேலை, அதே பத்து மணி. பக்கத்தில் இப்போது அவருடைய வரிக்குக் கீழே நள்ளிரவு பன்னிரண்டரை என்று விழுகிறது. "அதப் பாக்கக்குள்ள, நீங்க எல்லாரும் படுத்த பிறகு நான் வீட்டுக்கு வந்த மாதிரி இரிக்கி" என்று ஒரு நாள் எழுதியிருந்தார்.

அதை வாசித்ததில் இருந்து சுபஹு முடிந்து போனைத் திறக்கும் ஒவ்வொரு நாளும் எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. இரவு பன்னிரண்டரைக்கு வந்திருக்கிறார், நாங்கள் எழும்ப முன்பு போயிருக்கிறார். நேரம் இப்போது சரி, திகதியும் சரி, வாசலில் செருப்பும் இருக்கிறது, வந்துபோகும் ஆளை மட்டும்தான் நான் காண்பதில்லை.